சாந்தமேரியின் குட்பை

சாந்தமேரிக்குக் கொழுப்பு என்றுதான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பின்னே? அவள் புருஷன் ரபேல், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அவன் வேலைக்குக் கிளம்பினால் போதும், இவள் வாசலில் நின்று வெள்ளைக்காரிச்சி மாதிரி "குட்பை" என்பாள். அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே போவான். வெள்ளைக்கார டிரைவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்களாம். தனக்கும் சொல்லவேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டுக் கேட்டானாம்.

பக்கத்து வீட்டுப் பவுனம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. போகிறவன் போயிட்டு வரேன் என்பான், இருக்கிறவள் போயிட்டு வாங்க என்பாள், அதுதானே நம்ம வழக்கம்? குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கிள்ளான்ல கப்பலேறிப் போறவனுக்குச் சொல்ற வார்த்தைடி. திரும்பி வர்றதே அதுல இல்ல. இனிமே வாயை அடக்கு."

இரண்டொரு நாளில் பெருமழை. கிள்ளான் போகிற வழியில் தண்டவாளக் கரை சரிந்து எஞ்சின் கவிழ்ந்தது. ரபேலைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

சாவு வீட்டில் பவுனம்மாள் மெதுவாகப் பேசவில்லை. தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே, கேட்டாளா, சொல்லிச் சொல்லியே அனுப்பிவிட்டாளே என்று மூக்கைச் சிந்தினாள். மற்ற பெண்களும் சாந்தமேரியை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

செபம் சொல்ல வந்த டொமினிக் உபதேசியாருக்கு இங்கிலீஷ் தெரியும். சாந்தமேரி அவரைத்தான் கேட்டாள்.

"ஐயா, குட்பைன்னா என்னங்கய்யா அர்த்தம்? ஆகாத வார்த்தையா?"

"யாரும்மா சொன்னது? அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க 'ஆண்டவர் உன்கூட இருக்கட்டும்'னு நீட்டிச் சொல்லித்தான் அனுப்புவாங்க. சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு குட்பைன்னு ஆயிடுச்சு. ஆசீர்வாதம்மா அது."

பவுனம்மாள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"தெரியாம பேசிட்டேன் தாயி. சாமியைத் துணைக்கு வச்சுத்தானே அனுப்பியிருக்கே. மனசைத் தேத்திக்க."

அதுவரை அழாமல் இருந்த சாந்தமேரி அப்போதுதான் உடைந்தாள்.

"இல்லக்கா. நீங்க சொன்னீங்களேன்னு அன்னைக்கு நான் சொல்லல. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனாரு."