கோட்டைச்சாமியின் தட்டடவு

"எடது காலுங்கய்யா, எடது! சோத்துக்கை பக்கம் எதுன்னாவது தெரியுமா?"

டீச்சரம்மா தட்டுக்கழியை ஓங்கித் தட்டினாள். ஒச்சப்பன் வீட்டுக் கூடத்தில் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அரைமண்டியில் தள்ளாடிக்கொண்டிருந்தார் கோட்டைச்சாமி. போடி ஏலக்காய் வியாபாரிகளில் அவர் மீசைக்குப் பயப்படாதவர்கள் குறைவு. அந்த மீசையும் இப்போது வேர்வையில் நனைந்து தொங்கியது.

சன்னல் வழியே தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். குரங்கணிப் பாதையில் பட்டாளத்துப் பழைய ஜீப்பு கவிழ்ந்ததிலிருந்து படும் பாட்டுக்கு முன்னால் மானம் என்ன பெரிய மானம்!

"மாப்ளே, மலையிலருந்து லோடு வந்து நிக்குது. சோலியைப் பாக்க வேணாமா?" வாசலிலிருந்து ஒச்சப்பன் கேட்டான்.

"லோடு கெடக்கட்டும். காலு, கையி, கண்ணு மூணும் தாளத்துல ஒண்ணு கூடுனா மூளை முழிச்சுக்கும்னு மதுரை டாக்டர் சொன்னாருல்ல? மறந்ததெல்லாம் திரும்ப வந்துருமாம்."

"வந்தாச் சரி" என்று பெருமூச்சு விட்டான் ஒச்சப்பன்.

டீச்சரம்மாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "அய்யா, கோவிச்சுக்காதீங்க. ஒரே அடவு, தெனமும் தப்பு. இன்னைக்கும் வரலேன்னா நாளைலருந்து நீங்க வர வேணாம்."

இந்தக் கதவும் அடைபட்டுவிட்டால் வேறு வைத்தியமே இல்லை.

"இன்னொரு தடவை தட்டுங்க, டீச்சரம்மா."

"பொழுது சாயுதே. உங்க வீட்டுக்காரம்மா தேட மாட்டாங்களா?"

"தேடுனா சந்தோசந்தான்" என்றார், மறுபடி அரைமண்டியில் நின்றபடி.

"தெய்யா தெய்!"

கழி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கூடம் அதிர்ந்தது. தாளம் வேகமெடுத்தது, கால் பிசகவே இல்லை. டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. உட்கார்ந்திருந்தவள் கழியைப் போட்டுவிட்டு எழுந்து, தானும் கூடவே ஆட ஆரம்பித்தாள்.

"அப்படித்தான்! அப்படித்தான், மாமா!"

கோட்டைச்சாமியின் கால்கள் நின்றுவிட்டன.

"டீச்சரம்மா... இப்ப என்ன சொன்னீங்க?"

ஜீப்பு கவிழ்ந்து தலையில் அடிபட்டதிலிருந்து, கல்யாணம் ஆனதையே மறந்துபோய், சின்ன வயதில் கற்ற ஆட்டத்தை மட்டும் மறக்காமல் அண்ணன் ஒச்சப்பன் வீட்டில் இருந்துவந்த செல்லத்தாய், இடுப்பில் கைவைத்துக் கணவனை முறைத்தாள்.

"டீச்சரம்மாவா? கட்டுன பொண்டாட்டி பேருகூடவா மறந்துபோச்சு, மாமா?"