மாயத் தொப்பி

"எத்தன வெடி வச்சா இவன் சாவான் டீச்சரே?"

ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் இருந்த ஆள் திரும்பாமலே கேட்டார். பிரேமகுமாரிக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை.

"தக்காளித் துப்பாக்கின்னா அஞ்சு. ரெட்டைக்குழல் எடுத்தா ரெண்டு போதும்."

அது ஒரு கார்ட்டூன் கேம். திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். எதிரே தொப்பி போட்ட தடியன் வாத்துகள் ஓடிவரும். சுட்டால் நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரம் சேர்ந்தால் பெரிய ஆயுதம் எடுக்கலாம். இரட்டைக்குழல், பசை பீரங்கி, தூரத்தில் நிற்பவனைப் பக்கத்தில் காட்டும் குழாய் என்று ஒவ்வொன்றாக வரும்.

பாறசாலையில் பிரேமகுமாரி கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. மாடியில் ஒரே அறை, மூன்று கம்ப்யூட்டர். தொண்ணூற்றெட்டில் அதுவே பெரிய காரியம். காலையில் வகுப்பு கிடையாது என்பதால், அந்த நேரத்தில் கேம் விளையாட வருகிறவர்களை அவள் தடுப்பதில்லை.

இந்த ஆள் இரண்டு வாரமாக வருகிறார். பதிவேட்டில் இடது கையால் 'ராஜையா' என்று எழுதினார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கன்னமெல்லாம் கருப்புக் கருப்பாய்ப் பாறைத்தூள் பதிந்த தழும்பு.

"பாத்தியளா, இவனுக்கும் ஒரு விரலு இல்ல," என்று கார்ட்டூன் கையைக் காட்டி ஒருநாள் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் கண் பாதி நேரம் திரையில் இருக்காது. ஜன்னலுக்குக் கீழே ரோடு. ரோட்டுக்கு அந்தப்பக்கம் கல்குவாரி முதலாளி பொன்னுதாஸின் ஆபீஸ், வாசலில் அவருடைய வெள்ளை ஜீப். பதினொன்றரைக்கு ஜீப் மலையோரத்துக் குவாரிக்குப் புறப்படும். அது கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் இவர் எழுந்து படியிறங்குவார். ஒருநாள்கூட அது மாறவில்லை.

அந்த ஜீப்பை ஓட்டுவது சோமன். பிரேமகுமாரியின் புருஷன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் அந்தக் குவாரியில் நேரம் தவறி வெடி வெடித்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். அதிலிருந்து வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே சோமன் எழுந்து வெளியே போய்விடுகிறான். ராஜையாவின் விரல்கள் எங்கே போயிருக்கும் என்று ஊகிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. விரல் போன கோபத்தோடு ஒருவன் முதலாளியின் ஜீப்பை நோட்டம் பார்க்கிறான். ஜீப்பில் முன்சீட்டில் முதலாளி, பக்கத்தில் சோமன். அன்றிலிருந்து ஜீப் திரும்பி வரும்வரை அவள் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

வெள்ளிக்கிழமை ராஜையாவுக்கு நட்சத்திரம் நிறையச் சேர்ந்திருந்தது. பீரங்கியே எடுக்கலாம். அவர் எல்லாவற்றையும் கொடுத்து மாயத்தொப்பியை எடுத்தார். அதைப் போட்டால் வாத்துகளின் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்.

"ஆயுதம் ஒண்ணும் வேண்டாமா?" அவள் மெல்லக் கேட்டாள்.

"அவனுவ கண்ணுல படாம போய்ச் சேரணும் டீச்சரே. அதாக்கும் காரியம்."

மூச்சை அடக்கிக்கொண்டு வாத்துகளுக்கு நடுவே அவர் போனார். ஒரு வெடிகூட வைக்கவில்லை. அடுத்தடுத்து நின்ற அந்தத் தடியன்களை உரசாமல் கடக்கும்போது அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது.

"நாளைக்கும் வருவியளா?"

"வாறேன். திங்களாழ்ச்சயோட எல்லாம் தீரும்."

கீழே ஜீப் புறப்பட்டுப் போனது. அவரும் இறங்கிப் போனார். பிரேமகுமாரிக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. ஜீப் திரும்பி வந்ததும் சென்டரைப் பூட்டிவிட்டு ரோட்டைக் கடந்தாள்.

வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டு ஒன்றைப் பொன்னுதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அதை மூடி ஓரமாக வைத்தார்.

"விரலு இல்லண்ணு சொன்னியே. எந்தக் கையில?"

"வலது கையில. ரெண்டு விரலு."

பேனாவை மெதுவாக மூடினார். "எந்நேரத்துக்கு வருவான்?"

"பத்தரைக்கு. நாளைக்கும் வருவேன்னு சொல்லியிருக்காரு."

"மாடிக்குப் படி ஒண்ணுதான் உண்டு, இல்லியா?"

"ஒண்ணுதான் முதலாளி."

"எறங்கி எந்தப் பக்கம் போவான்?"

"கொல்லயில் ஊருக்குப் போற ரோட்டுல, தனியா நடந்து போவாரு. எனக்க வீட்டுக்காரரும் அந்த ஜீப்பிலதானே இருக்காரு. பயந்து போனேன் முதலாளி. போலீஸில சொல்லலாமா?"

"போலீஸ் ஒண்ணும் வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்." பொன்னுதாஸ் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "நீ செய்தது பெரிய உபகாரமாக்கும் மக்கா. வெளிய யாருகிட்டயும் மிண்டாத. நாளைக்கு எப்பளும் போல சென்டரத் தெற."

இரண்டு வாரப் பாரம் இறங்கினதுபோல் இருந்தது அவளுக்கு. வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தாள். ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சோமன் அவளைப் பார்த்துத் திகைத்தான். உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். அவன் துணியைப் போட்டுவிட்டு அவளைத் தாண்டி உள்ளே ஓடினான். கதவு பாதி சாத்திக்கொண்டது. அவள் செருப்பின் வாரைக் குனிந்து மாட்டும்போது பொன்னுதாஸின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"எலே சோமா, திங்களாழ்ச்ச கேஸுல நமக்கு எதிரா உள்ள ஒரே சாட்சி கிட்டியாச்சு."