முன்சக்கரத்து எலுமிச்சை

பிள்ளையார் கோயில் வாசலில் இரண்டு கார்கள் பூசைக்கு நின்றன. ஒன்று அன்றுதான் ஷோரூமை விட்டு வந்தது. இன்னொன்று இரண்டு பேரிடம் ஓடிவிட்டு மூன்றாவதாகத் தங்கப்பாண்டியிடம் வந்தது. குருக்கள் இரண்டுக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைத்தார்.

பழைய காரின் முன்சக்கரத்தடியில் மாட்டிய எலுமிச்சைக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தா புதுக்காருக்குப் போயிருப்பேன். இந்தக் கிழட்டு வண்டிகிட்ட நசுங்கணும்னு என் தலையெழுத்து!”

கார் கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்கு இது மூணாவது மாலை, தம்பி. நீ என்னைப் பாக்காதே. என்னை வாங்கினவர் காலைப் பாரு” என்றது.

புதுக்காரின் சொந்தக்காரர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே சேற்று ஷூவோடு ஏறி உட்கார்ந்தார். தங்கப்பாண்டியோ கதவைத் திறந்துவிட்டு ஒரு கணம் நின்றார். செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். பிறகு வளைந்து நெளிந்து, வலது காலை முதலில் உள்ளே வைத்தார்.

எலுமிச்சை அந்தக் காலையே பார்த்தது. பிறகு, “அண்ணே, என் மேல பூப்போல ஏறிடாதீங்க. சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கணும்” என்றது.

கேட்டது.

கார் போன பிறகு செருப்பு மட்டும் அங்கேயே கிடந்தது. “என்னை மறந்துட்டுப் போயிட்டாரே!” என்று அழுதது.

“வருவார், அழாதே” என்றது நசுங்கிக் கிடந்த எலுமிச்சை. “அதுவரைக்கும் இந்தப் பக்கம் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லு. அவரோட புதுக்கார் முதல்ல ஏறினது என் மேலதான்.”