நேர்ல பேசுங்க

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தனசிங்குக்கு, மகனும் மருமகளும் சண்டை போடும் லட்சணத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. காலேப் ஹாலில், ஹெப்சி படுக்கையறையில். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் வாயை எதுக்குடா கொடுத்தார் ஆண்டவர்? பீட்சா திங்கவா?"

"நேர்ல பேசினா கத்திடுவோம்பா."

"கத்துங்களேன்! நாங்க போட்ட சண்டை சேலையூர் பூரா கேக்கும். இப்படிக் கட்டைவிரலால சண்டை போடறவன் கோழை."

மூலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி மெட்டில்டா தலை நிமிரவில்லை.

சற்று நேரத்தில் ஹெப்சி பையைத் தூக்கிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்கு, தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"நாலு நாள் இருந்துட்டு வரட்டும்" என்றான் காலேப்.

"நாலு நாளா? இப்பவே ஸ்டேஷனுக்கு ஓடுடா, மானங்கெட்டவனே! கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வா!"

தனசிங் மகனின் செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"உங்களுக்கு ஏன்பா இவ்வளவு பதற்றம்?"

"நீ ஆபீஸ் போயிடுவே. என் சுகர் மாத்திரை எங்கேன்னு உங்கம்மாகிட்ட யார் கேப்பா?"

தனசிங்கும் மெட்டில்டாவும் பேச்சை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஹெப்சிதான் அவர் சொன்னதை அவளிடமும், அவள் சொன்னதை அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த மெட்டில்டா மகனைப் பார்த்தாள்.

"பிரிட்ஜ் மேலதான் இருக்கு. கண்ணைத் தொறந்து பாக்கச் சொல்லு."