லாட்ஜில் விட்டுவந்த கண்ணாடி

பழைய ரேஸ் கார்கள் ஓடும் விழாவுக்கு முதன்முறையாகப் போக நினைத்த டெய்லர் ஒருவர், அங்குள்ள லாட்ஜுக்குப் போன் செய்து பெயரைச் சொன்னார்.

"போன வருஷம் தங்கின அதே ரூமா சார்? மூக்குக்கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டீங்களே, அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

"நான் அந்தப் பக்கமே வந்ததில்லைங்க."

மேனேஜர் சிரித்துவிட்டு, அவருடைய வீட்டு முகவரியைச் சரியாகச் சொன்னார்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. கண்ணாடியில் படிந்திருந்த எண்ணெய்க் கறையை மனைவி துடைத்துக் கொடுத்தாள். போட்டதும் ஊசிக் காது பளிச்சென்று தெரிந்தது. முந்தின நாள்தான் டாக்டர் அவருக்கு எழுதியிருந்த புது பவர் அது.

"மனசே சரியில்லைங்க. போக வேண்டாம்" என்றாள் மனைவி.

"சரி, வேண்டாம்."

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். சாயங்காலம் பெட்டியில் சட்டைகளை அடுக்கினார்.

"வேண்டாம்னீங்களே?"

"தொப்பியை எடு. ரேஸ் டிராக்ல அந்த மூணாவது வளைவுல நிழலே கிடையாது" என்றார்.