உயிர் இருக்கிற இடம்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் காலை, முகாமில் இருந்த எமிலியாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. கடலில் காணாமல் போன அவள் கணவன் சூசைதாசன் பிழைத்திருக்க வாய்ப்பு ஒரு சதவீதம்தானாம். மீட்புக் கணினி தேடலை நிறுத்திவிட்டது.

"இன்னும் ஒருநாள் தேடச் சொல்லுங்கோ, தம்பி," என்று அலுவலரிடம் கெஞ்சினாள்.

"நாடு முழுக்க வெள்ளத்தில சனம் கூரையில நிக்குது, அக்கா. உயிர் இருக்கிற இடத்துக்குத்தான் ட்ரோன் போகும். என்ர கையில ஒண்டுமில்லை."

எமிலியா கரைக்கு ஓடினாள். உடையாமல் கிடந்த ஒரு வள்ளத்தைத் தள்ளி, நீரோட்டம் இழுக்கும் மேற்குப் பக்கமாகத் துடுப்பு வலித்தாள். நடுக்கடலில் தனியே ஓர் உயிர் தத்தளித்தால் ட்ரோன் வராமலா போகும்?

மதியம் ட்ரோன் வந்து, அவள் தலைக்கு மேல் நின்று கயிற்றை இறக்கியது. "கயிற்றைப் பிடியுங்கள்."

"மாட்டன். என்னோட வந்து என்ர மனுசனைத் தேடு!"

அவள் வலிக்க வலிக்க அதுவும் தொடர்ந்தது. திடீரென்று சொன்னது: "முன்னால் ஓர் ஆண். உயிரோடு."

"அந்தோணியாரே!" என்று அலறியபடி வேகமாக வலித்துப் போனாள். மீன்பெட்டியைக் கட்டிப்பிடித்து மிதந்தவன் யாரோ ஓர் இளைஞன். உதடுகள் வெடித்திருந்தன.

"ஒருவரை மட்டுமே தூக்க முடியும்," என்றது ட்ரோன்.

எமிலியா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். ட்ரோன் கரைப்பக்கம் திரும்பிப் போனது. மேற்கே தேட இனி அவளைத் தவிர யாருமில்லை. துடுப்பை எடுத்தாள்.