இன்ச் டேப்

"என் பொண்ணு பி.டி. பீரியட்ல ஓட மாட்டா மேடம். லெட்டர் கொண்டு வந்திருக்கேன். ஆனா ஒண்ணு, ஓடாத குழந்தையை எடுபிடி வேலைக்கு அனுப்பக் கூடாது. அதை இப்பவே சொல்லிடறேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க யாரும் அப்படிச் செய்யறதில்லையேம்மா."

"செஞ்சிருக்காங்க. எனக்கே செஞ்சிருக்காங்க. நான் இதே ஸ்கூல்தான்."

முப்பது வருஷமாகியும் ஆறவில்லை. மருந்துக்கடையில் தினமும் நூறு பேரிடம் பொறுமையாகப் பேசுகிறவள்தான். ஜன்னல் வழியே அந்த மைதானத்தைப் பார்த்ததும் பொறுமை எங்கோ போய்விட்டது.

பக்கத்தில் ஏழாவது படிக்கும் மகள், மூன்று மாடி ஏறி வந்ததில் இன்னும் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளும் ஏழாவதுதான். வகுப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; 'பூசணி'தான். அவள் ஓட ஆரம்பித்தால் போதும், "பூகம்பம்! பூகம்பம்!" என்று கத்திக்கொண்டு ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

பி.டி. சாருக்குப் பெயர் 'விசில் சார்'. முதல் நாளே சொன்னார்:

"உங்களை யாரையும் பந்தயத்துக்குத் தயார் பண்ண நான் வரலை. ஓடுங்க, குதிங்க, நடங்க, எதையாவது பண்ணுங்க. இதயமும் ஒரு தசைதான். வேலை குடுத்தாத்தான் பலமாகும்."

அடுத்த வாரமே அவள் அப்பா எழுதியதுபோல் ஒரு லெட்டர் எழுதினாள். 'என் மகளுக்கு உடல்நிலை சரியில்லை. ஓடவிட வேண்டாம்.' கையெழுத்தும் அவளேதான்.

சார் படித்தார். அவளை ஒரு தடவை பார்த்தார்.

"சரி, ஓட வேண்டாம். இந்தச் சீட்டை லைப்ரரில குடுத்து இன்ச் டேப் வாங்கிட்டு வா."

மடித்து, பின் அடித்த சீட்டு. லைப்ரரி மைதானத்துக்கு அந்தக் கோடியில். அங்கிருந்த டீச்சர் சீட்டைப் படித்துவிட்டு, "என்கிட்ட இல்லையே, மூணாவது மாடி லேப்ல கேளு" என்பார். லேப்பில், "நேத்துதானே ஆபீசுக்குக் குடுத்தோம்" என்பார்கள். ஆபீசில் வேறு கதை. வெறுங்கையோடு திரும்பி வந்தால், "கிடைக்கலையா? வியாழக்கிழமை பார்த்துக்கலாம்" என்று சார் விசிலை ஊதப் போய்விடுவார்.

வியாழக்கிழமை மறுபடியும் லெட்டர். மறுபடியும் சீட்டு. ஒரு வருஷம் முழுக்க இதே கூத்து. வருஷக் கடைசியில் மூன்று மாடியையும் ஒரே ஓட்டத்தில் ஏறினாள். அலைந்து அலைந்து பழகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"ஒரு ஸ்கூல்ல ஒரு இன்ச் டேப் இருக்காதா மேடம்? உடம்பு முடியலைன்னு எழுதிக் குடுத்த பொண்ணை அந்த மனுஷன் எப்படி அலைக்கழிச்சார் தெரியுமா? எல்லாரும் விளையாடினாங்க. நான் பியூன் வேலை பார்த்தேன்."

"சீட்டை ஒரு நாளாவது பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"கள்ளக் கையெழுத்து போட்டவளுக்கு அந்தத் தைரியம் ஏது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் களுக்கென்று சிரித்தாள்.

தலைமை ஆசிரியைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கள்ளக் கையெழுத்துன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். எந்த அப்பாவாவது தன் பேரையே தப்பா எழுதுவாரான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

அவள் திகைத்துப் போனாள். "உங்களுக்கு எப்படி மேடம்...?"

"அந்த லைப்ரரி டீச்சர் நான்தான். அப்போ ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பேன், அதான் உனக்கு அடையாளம் தெரியலை."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"லேப்காரர், ஆபீஸ் கிளார்க், எல்லாரும் கூட்டுதான். தான் இருக்கிற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். உங்க சார் போய் ரெண்டு வருஷமாச்சு. இனிமே சொல்லலாம்."

"சீட்டுல... என்ன மேடம் எழுதியிருந்தார்?"

"இன்ச் டேப்பைப் பத்தி ஒரு எழுத்துகூட இருக்காது. வருஷம் முழுக்க ஒரே வாசகம்தான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல மெல்லச் சொன்னார்:

"'யாரும் சிரிக்காத வழியாக அனுப்பியிருக்கிறேன். மூச்சு வாங்கினால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். வாங்காவிட்டால் இன்னொரு மாடி ஏற்றி விடுங்கள்.'"